வெளிநாட்டில் இறங்க எந்த வழி? பிரியும் நாளை வைத்துப் பாருங்கள்

சரக்கை மட்டும் அனுப்பலாம். உரிமம் கொடுக்கலாம். அங்குள்ள ஒருவரோடு கூட்டுச் சேரலாம். சொந்தமாக ஆலை போடலாம். நடந்துகொண்டிருக்கும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கலாம். வெளிநாட்டுச் சந்தைக்குப் போக நினைப்பவர் இவற்றில் எது மலிவு என்றுதான் முதலில் கணக்குப் போடுவார். உறவு முறியும் நாளில் பெயரும் வாடிக்கையாளரும் யார் கையில் மிஞ்சும் என்ற கணக்கை அதற்கும் முன்னால் போட வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு வாகனத் தொழிலைப் பார்த்தால் போதும். எல்லா வழிகளையும் முயன்று பார்த்த தொழில் அது. அந்தக் கதைகளில் பல சென்னையைச் சுற்றியே நடந்தவை.

முதலில் ஏற்றுமதி. பஜாஜ் ஆட்டோ எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்கிறது, பெரும்பாலும் உள்ளூர் விநியோகஸ்தர்கள் வழியாக. ஆலைச் செலவு இல்லை, போட்ட பணமும் சீக்கிரம் திரும்பும். ஆனால் ஒரே ஓர் அரசாணையில் வியாபாரம் நின்றுவிடலாம். பஜாஜ் ஆட்டோக்கள் தெருவெங்கும் ஓடும் இலங்கை, 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தியது. கதவு மறுபடி திறக்க 2025 ஆயிற்று. 2023-ல் நைஜீரிய நாணயமான நைரா சரிந்தபோது, பஜாஜின் பெரிய சந்தையான அந்த நாட்டில் விற்பனை அடி வாங்கியது. எழுபது நாடுகளில் கால் வைத்தவர் இதைத் தாங்குவார். ஒரே நாட்டை நம்பியவர் தாங்க மாட்டார். எனவே ஏற்றுமதி என்று முடிவானால் சந்தைகளைப் பரப்பிக்கொள்ளுங்கள். விநியோகஸ்தரை நியமிப்பதற்கு முன்பே அந்த நாட்டில் டிரேட் மார்க்கை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். வண்டிக்கான அரசு அனுமதிச் சான்றும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அது விநியோகஸ்தர் பெயரில் இருந்தால், அவரை மாற்ற நினைக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

உரிமம் கொடுப்பது உட்கார்ந்த இடத்தில் வரும் காசு. அதற்கான விலையை ராயல் என்ஃபீல்டு கதையில் பார்க்கலாம். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பைத் தொடங்கியது. முதலில் பாகங்களை அனுப்பியது, பிறகு அச்சுகளையும் கருவிகளையும் விற்றது. 1970 வாக்கில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. 1977-ல் அதே புல்லட் சென்னையிலிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. உரிமம் கொடுப்பவர் தன் போட்டியாளரைத் தானே வளர்க்கிறார். உங்கள் தொழில்நுட்பம் ஆண்டுதோறும் மாறுவதாக இருந்தால் இதில் பயமில்லை. ஒரே வடிவத்தை இருபது ஆண்டு விற்பவராக இருந்தால் யோசியுங்கள். மற்றபடி, நீங்கள் ஒருநாளும் நேரில் போகப் போவதில்லை என்று தெரிந்த நாட்டுக்கு உரிமம் சரியான வழி.

அதிகம் யோசிக்க வேண்டியது கூட்டு நிறுவனம். சட்டமும் மொழியும் டீலரும் தெரிந்த உள்ளூர்க்காரர் கிடைக்கிறார் என்பதால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு இதில் இறங்குகிறார்கள். 1984-ல் தொடங்கிய ஹீரோ ஹோண்டாவில் ஹீரோவுக்கும் ஹோண்டாவுக்கும் தலா 26 சதவீதப் பங்கு. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இருசக்கர வாகனம் விற்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. ஆனால் 1999-லேயே ஹோண்டா தனக்கென்று இந்தியாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி முதலில் ஸ்கூட்டர், 2004-ல் மோட்டார் சைக்கிள் என்று விற்கத் தொடங்கிவிட்டது. பிரிவு அறிவிக்கப்பட்டது 2010 டிசம்பரில். இன்ஜின் தொழில்நுட்பத்துக்கு ஹோண்டாவையே நம்பியிருந்த ஹீரோ, அதற்குப் பிறகுதான் சொந்த ஆராய்ச்சியைப் பெரிய அளவில் கட்ட வேண்டியிருந்தது. ஏற்றுமதியிலும் அதுவரை சில நாடுகளைத் தாண்ட அதற்கு வழி இருக்கவில்லை.

ஓசூர் டிவிஎஸ் கதை வேறு. சுஸுகியோடு சுமார் இருபது ஆண்டு கூட்டாக இருந்து 2001-ல் பிரிந்தது. அந்த நேரத்தில் தானே வடிவமைத்த விக்டர் மோட்டார் சைக்கிள் அதன் கையில் தயாராக இருந்தது. முப்பது மாதங்களுக்கு இந்தியச் சந்தையில் போட்டியாக இறங்க மாட்டோம் என்று சுஸுகியும் ஒப்புக்கொண்டது. அந்த முப்பது மாதம் பணத்தால் அளக்க முடியாத சொத்து.

ஆகவே கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரிந்தால் பங்கின் விலையை எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுவது? பெயரை எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம்? எந்தெந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாம்? கூட்டாளி தனிக்கடை போடலாமா? கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சங்கடப்படுபவர்கள் கூட்டுக்கே போகாமல் இருப்பது நல்லது.

கூட்டாளியே வேண்டாம் என்றால் சொந்த ஆலை. 1996-ல் முழுக்கத் தன் நிறுவனமாகவே வந்த ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியது. கூடவே கொரிய உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. 1998-ல் சான்ட்ரோ என்ற சிறிய காரோடு சந்தையில் இறங்கியது. ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாக வந்து, பிறகு பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது. அதன் முதல் கார் எஸ்கார்ட், இந்திய வாடிக்கையாளரில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஆலை தனக்கே சொந்தம் என்பதால் மட்டும் சந்தை கைக்கு வந்துவிடாது. உள்ளூர் விலைக்குச் செய்ய முடிந்தால் மட்டும் ஆலை கட்டுங்கள்.

நிறுவனத்தை விலைக்கு வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது எல்லாருக்குமான வழி இல்லை. டாடா மோட்டார்ஸ் 2008 ஜூனில் 230 கோடி டாலருக்கு ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது. மூன்று மாதத்தில் உலக நிதி நெருக்கடி முற்றியது. அந்த நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் குழுமம் சுமார் 2,500 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. பின்னாளில் ஜாகுவார் லேண்ட் ரோவர்தான் குழுமத்தின் லாபத்தைச் சுமந்தது என்பது உண்மை. ஆனால் நடுவில் இருந்த மாதங்களைக் கடக்க டாடா என்ற பெயர் தேவைப்பட்டது. 2020-ல் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை வாங்கியது போல, நொடித்த பழைய பெயரைச் சிறிய தொகைக்கு எடுப்பது நடுத்தர நிறுவனத்துக்கும் எட்டக்கூடியது. ஆனால் பெயரோடு பழைய வாடிக்கையாளரின் கோபமும் சேர்ந்தே வரும்.

ஏற்கெனவே ஏற்றுமதி செய்பவருக்கு நான் சொல்வது இவற்றில் எதுவுமில்லை. பாகங்களாக அனுப்பி அங்கே கோர்ப்பதுதான். ராயல் என்ஃபீல்டு அர்ஜென்டினா, கொலம்பியா, தாய்லாந்து, பிரேசில் என்று இப்படித்தான் பரவுகிறது. பல நாடுகளில் முழு வண்டியைவிடப் பாகங்களுக்கு இறக்குமதி வரி குறைவு, உள்ளூரில் வேலை தருகிறோம் என்று அரசிடமும் சொல்லிக்கொள்ளலாம். இன்ஜின் நம் ஊரிலிருந்தே போகும்வரை, கோர்ப்பவர் நாளை பிரிந்து போனாலும் அவரால் நம் வண்டியைச் செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் மட்டும் தவறக்கூடாது. கோர்க்கும் கருவிகள் நம் சொத்து என்று ஒன்று. பிரிந்தபின் கையிருப்பு உதிரிபாகங்களை நாமே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று இன்னொன்று.