தாமதம் எங்கே நேர்ந்தது?

"சுகாதார ஏற்றத்தாழ்வை ஆராயப் போகிறேன், தாத்தா" என்றாள் நம் சங்கத்து மாணவி ஒருத்தி. அப்படியென்றால் என்ன?

முதுமையில் நோய் கூடுவது இயற்கை. தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற வேறுபாடே ஏற்றத்தாழ்வு என்று மார்கரெட் வைட்ஹெட் 1990இல் விளக்கினார்.

நம் அபர்டீன் பஜாரிலிருந்து ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். கேம்பெல் பேயிலிருந்து வரும் நோயாளிக்கோ 500 கி.மீ.க்கு மேல் கடல் வழி. கடல் கொந்தளித்தால் கப்பலும் தாமதிக்கும்.

ரயில்வேயில் வண்டி தாமதமானால், எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் போனது என்று குறிப்போம். மகளே, நீயும் அவ்வாறே செய். நோய் கண்ட நேரம், புறப்பட்ட நேரம், கரை சேர்ந்த நேரம், டாக்டர் பார்த்த நேரம் எல்லாவற்றையும் எழுது. குறை நோயாளியிடமா, வழியிலா என்பது அப்போது விளங்கும். வழியின் குறையை நம்மால் திருத்த முடியும். அதுவே சமூக நீதி.

பெற்றோர்களே, இப்படிப்புக்குத் தடை சொல்லாதீர்கள்.