வீட்டுப் பூச்சிகளும் எலிகளும்: ஆண்டு முழுவதும் கைக்கொள்ளத்தக்க முறைகள்

குளிர் தேசங்களில் உறைபனிக் காலம் வந்தவுடன் பூச்சிகளின் பெருக்கம் தானே அடங்கிவிடும். தர்மபுரி மாவட்டத்திற்கு அவ்வுதவி வாய்க்கவில்லை. சித்திரை வெயிலுக்குப் பின் தென்மேற்குப் பருவ மழையும், அதனையடுத்து வடகிழக்குப் பருவ மழையும் பெய்வதால், உஷ்ணமும் ஈரமும் அவற்றின் விருத்திக்கு எப்பொழுதும் இடந்தருகின்றன. ஆதலின் வருஷத்திற்கு ஒருமுறை மருந்து தெளித்துவிட்டு வாளாவிருப்பதால் பயனில்லை. உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றையும் அவற்றிற்குக் கிடைக்காமற் செய்வதே நிலையான பரிகாரமாகும்.

எலிகள்

ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். ஓராண்டில் அது 9 கிலோவுக்கு மேலாகும். பத்து எலிகள் குடியிருக்கும் வீடு ஆண்டுதோறும் ஒரு மூட்டைக் கேழ்வரகுக்கு மேல் இழக்கிறது. எச்சத்தாலும் மூத்திரத்தாலும் கெடுவது இதனிற் சேராது. பெண் எலி கருவுற்ற மூன்று வாரங்களில் ஈனும். குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாமே ஈனும் பருவத்தை அடையும்.

நஷ்டம் தானியத்தோடு நிற்பதன்று. 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் மைசூர்ச் சீமையைக் கடந்து, தர்மபுரி அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவிற்கும் எட்டியது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்பதை 1898-ல் கராச்சியில் சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தார். எலி செத்தவுடன் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு மனிதரை நாடும். ஆகையால் செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. காரணமின்றிப் பல எலிகள் ஒருங்கே விழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். எலி நாடுமிடத்தைப் பாம்பும் நாடும் என்பதைக் குடியானவர் அறிவர்.

குதிரையும் மூட்டைகளையும் தரையினின்று மூன்றடி உயர மேடையில், சுவரை ஒட்டாமல் வைத்து, மேடைக் கால்களுக்குத் தகரக் கவசமிடுவது நலம். வளைகளைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமிட்டிச் சாந்தினால் அடைக்க வேண்டும். பொறிகளைச் சுவரோரமாக வைத்தால் எலிகள் எளிதில் அகப்படும்.

தானியப் பூச்சிகள்

கேழ்வரகு நன்கு உலர்ந்திருப்பின் பல்லாண்டுகள் வண்டு பற்றாமல் இருக்கும். அதன் சத்துருக்கள் எலியும் ஈரமுமே. அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றின் நிலை வேறு. வண்டு வயலிலேயே முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டிற்குள் வந்துவிடுகிறது. இவற்றை இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் உலர்த்தி, ஆறவைத்து, கிலோவுக்கு ஒரு சிறுகரண்டி எண்ணெய் தடவியேனும், முன்னோர் வழக்கப்படி செம்மண் கட்டியேனும் வைத்தல் வேண்டும். உலர்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவது துணையாகும். வெயிலுக்கு அவை ஈடாகா.

கொசுக்கள்

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இம்மாவட்டத்திற்கு 2013 முதல் ஒகேனக்கல் குடிநீர் வருகிறது. முறைவைத்து வரும் நீரைத் தொட்டிகளில் சேமிப்பது அவசியமாதலால், மூடாத தொட்டி டெங்குக் கொசுவின் தொட்டிலாகிவிடுகிறது. இக்கொசு பகலில் கடிப்பது. தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைக்கும். தொட்டி காய்ந்தாலும் அம்முட்டைகள் மாதக் கணக்கில் அழியாமலிருந்து, நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருநாள் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் செல்வதே இக்கணக்கிற்குக் காரணம்.

பிற பூச்சிகள்

கரையான் மண்கூடு கட்டி ஏறுமாதலால், விறகையும் எருவாட்டியையும் சுவரோரம் அடுக்கலாகாது. மூட்டைப்பூச்சி பற்றிய கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். எருக்குழியை மண்ணிட்டு மூடினால் ஈக்கள் குறையும். இரவில் அடுக்களையைத் துடைத்து, எச்சிற் பாத்திரங்களைக் கழுவி வைத்தால் கரப்பான் இரையின்றி விலகும்.

விஷ மருந்துகள்

டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-ல் கண்டறிந்த பால் முல்லர் 1948-ல் நோபெல் பரிசு பெற்றார். நாளடைவில் பூச்சிகள் அதனைத் தாங்கப் பழகிவிட்டன. விஷத்தை மட்டும் நம்புவோர் இதனைக் கருத வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலிப்பசை மனிதரின் கல்லீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது.

சங்கத்தின் கடமை

ஒரு வீட்டில் துரத்தப்பட்ட எலி அடுத்த வீட்டில் புகும். ஒருவர் தொட்டியில் பிறந்த கொசு தெருவையே கடிக்கும். தனித்தனியே செய்யும் முயற்சி வீணாவது இதனாலேயே. அறுவடை முடிந்து வயல் எலிகள் வீடுகளை நாடும் கார்த்திகை, மார்கழியில் ஊர் முழுவதும் ஒரே நாளில் வளையடைத்துப் பொறிவைத்தல், மழை மாதங்களில் வாரந்தோறும் குறித்த நாளில் தொட்டி கழுவுதல், கோடையில் கூரையும் சுவரும் பழுது பார்த்தல் என மூன்று தீர்மானங்களை அங்கத்தினர் கூட்டத்தில் நிறைவேற்றலாம். பொறிகளையும் தகரக் குதிர்களையும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கடன் பெற்று விளைவித்த தானியம் களத்திலிருந்து வீடு வந்தபின் எலிக்கு இரையாயின், கடன் மட்டுமே குடியானவனுக்கு மிஞ்சும்.