இளைப்புக்காரருக்குப் பல் டாக்டர் எதற்கு?

அப்பா பல்லடம் பக்கம் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் நின்றவர். பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுத் துணியைக்கூடப் பிரித்துப் பஞ்சாக்கித் திரும்ப நூற்கும் மில் அது. புருவமெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வருவார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் நெஞ்சைப் பிடிக்கிறது என்பார். பிசினோசிஸ் என்கிற பஞ்சுத் தூசி நோய் அப்படித்தான் தொடங்கும். பீடியும் சேர்ந்து, கடைசியில் அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு.

இன்ஹேலர் தவறாமல் எடுத்தும் அடிக்கடி சளி மஞ்சளாகி, காய்ச்சலில் படுத்துவிடுவார். ஒரு டாக்டர்தான், "வாயத் தொறங்கய்யா" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்ப்பல் உள்வரிசை முழுக்கக் காரை. ஈறு இறங்கி, ஒரு பல் விரல் பட்டாலே ஆடியது. "மொதல்ல இதச் சுத்தம் பண்ணுங்க."

தூக்கத்தில் யாருக்கும் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நல்ல நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும். தூசியிலும் புகையிலும் நைந்த நுரையீரலால் முடியாது. ஈறு இடுக்கில் வளரும் கிருமிகள் அங்கேயே தங்கிவிடும். அமெரிக்காவில் ஸ்கன்னபீகோ என்ற பல் மருத்துவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு பல்லைவிட்டு விலக விலக நுரையீரலின் திறனும் குறைந்திருந்தது. இதை வைத்து ஈறுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது, புகை இரண்டையும் கெடுக்கும். ஆனால் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறதே!

ஈறில் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் குறைவாகத்தான் கசியும்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு படுப்பவர்கள் பலர். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்து கிருமி பெருகும். அதனால் பல் துலக்கியே படுக்க வேண்டும். நைட் ஷிப்ட்காரர்களுக்கு அது காலையாக இருக்கும். தூக்கம் வராமலிருக்க உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைக்கும் தம்பிகளே, அது வைத்த இடத்திலேயே ஈறு அரிக்கும்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியலாம். இளைப்பு அடங்கியிருக்கும் நாளில் பல் டாக்டரிடம் போங்கள். இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குச் சேரை நிமிர்த்தி வைத்தே காரை எடுத்தார்கள்.

அப்பாவுக்கு இளைப்பு போய்விடவில்லை. காய்ச்சலில் படுப்பது குறைந்திருக்கிறது. பீடியை விட்டதற்கும் அதில் பங்குண்டு.

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் பல் வைத்தியமும் அதில் பார்க்கலாம், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. போகும்போது எந்த மில், எந்த செக்ஷன், எத்தனை வருஷம் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் பிசினோசிஸ், சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில் நோய்.