வேரியபிள் எங்கே போச்சு? – ஃபார்மிலும் ரிப்போர்ட்டிலும் பிழை தேடும் வழி



புரோகிராம் ஓடாமல் நின்றுவிட்டால் கவலை இல்லை. எந்த வரியில் நின்றது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஓடி முடித்து, அழகாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, அதில் உள்ள தொகை மட்டும் தப்பாக இருந்தால்? அங்கேதான் ஆபத்து.

நம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தறியில் நிற்பவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. பால் ஊற்றுபவருக்குக் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-ம் பார்த்து விலை. இந்தக் கணக்கை நோட்டில் எழுதாமல் எம்.எஸ். ஆக்சஸில் ஒரு ஃபார்மும் ஒரு ரிப்போர்ட்டும் போட்டுச் செய்தால், நடுவில் நிற்பது ஒரு வேரியபிள். புத்தகத்தில் ‘மாறி’ என்று இருக்கும். அது ஏமாற்றினால், சனிக்கிழமை சாயங்காலம் கவர் வாங்குபவரின் கையில் பணம் குறையும். அவருக்கு நம் கோடு தெரியாது. கேள்வி கேட்கவும் வழியில்லை.

ஆகவே பிழை தேடும்போது நான் வரிசையாகக் கேட்கும் நான்கு கேள்விகளை இங்கே தருகிறேன்.

1. பெயர் ஒன்றுதானா?

‘மீட்டர்’ என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் இ-ஆர் என்று முடிப்பார், இன்னொருவர் ஆர்-இ என்று முடிப்பார். ஒரே புரோகிராமில் இரண்டும் வந்தால் விஷுவல் பேசிக் கோபிக்காது. இரண்டாவது பெயரில் புதிதாக ஒரு காலி வேரியபிளைப் படைத்துக்கொள்ளும். கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். கூலியும் பூஜ்யம்!

மருந்து எளிது. மாட்யூலின் தலையில் ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ என்று எழுதுங்கள். அறிவிக்காத பெயர் வந்தால் கம்பைல் செய்யும்போதே பிடிபடும். டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் ‘ரிக்கொயர் வேரியபிள் டெக்ளரேஷன்’ என்பதை டிக் செய்தால் இந்த வரி தானாக வரும். ஆனால் புது மாட்யூல்களுக்கு மட்டுமே! பழையவற்றில் நாமே கையால் போட வேண்டும்.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் கையில் கிடைத்தால் இன்னொரு கண்ணி உண்டு. ஃபீல்டுக்கும் வேரியபிளுக்கும் ஒரே பெயர் இருந்தால் அங்கே ஃபீல்டுதான் ஜெயிக்கும். வேரியபிளுக்கு முன்னால் ‘எம்’ எழுத்தும் புள்ளியும் போட்டுத்தான் பிரித்துக்காட்ட வேண்டும்.

2. இன்னும் உயிரோடு இருக்கிறதா?

புரொசீஜருக்குள் ‘டிம்’ என்று அறிவித்த வேரியபிள் ‘எண்ட் சப்’ வந்ததும் போய்விடும். ஃபார்மின் மாட்யூல் தலையில் அறிவித்தது, ஃபார்மை மூடினால் போய்விடும். ஃபார்மில் வாரத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மை மூடிவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்தால், ரிப்போர்ட் யாரிடம் போய்க் கேட்கும்?

பொது மாட்யூலில் ‘பப்ளிக்’ என்று அறிவித்தது நிலைக்கும். ஆனால் கவனிக்கப்படாத எர்ரர் ஒன்று வந்து, நாம் ‘எண்ட்’ பட்டனை அமுக்கினால் அதுவும் துடைக்கப்பட்டுவிடும். “காலையில சரியா வந்துச்சு, மத்தியானம் வரல” என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று: ரிப்போர்ட்டில் உள்ள டெக்ஸ்ட் பாக்ஸின் ‘கண்ட்ரோல் சோர்ஸ்’ல் வேரியபிள் பெயரை நேராக எழுதினால் ஆக்சஸுக்குப் புரியாது. ‘#நேம்?’ என்று காட்டும், அல்லது ‘என்டர் பாராமீட்டர் வேல்யூ’ என்று ஒரு பெட்டியைத் திறந்து நம்மையே கேட்கும். அந்த மதிப்பைத் திருப்பித் தரும் ஒரு பப்ளிக் ஃபங்ஷன் எழுதி அதை அங்கே அழைக்கலாம். 2007 பதிப்பு முதல் ‘டெம்ப்வார்ஸ்’ உண்டு. அதில் வைத்த மதிப்பு எர்ரர் வந்தாலும் அழியாது. ஆக்சஸை மூடும்வரை இருக்கும்.

3. கையில் என்ன வைத்திருக்கிறது?

பூஜ்யம் வேறு, ‘நல்’ வேறு. பால் கணக்கில் எஸ்.என்.எஃப். கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது நல். நல்லோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை நல்தான். அந்த வரியில் தொகை வெற்றிடமாக வரும். கீழே ‘சம்’ அதைத் தாண்டிப் போய்விடும். மொத்தமும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும்! பால் ஊற்றியவருக்கு மட்டும் பணம் இல்லை.

‘என்.இஸட்’ ஃபங்ஷன் போட்டு நல்லைப் பூஜ்யமாக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். இங்கே அது சரியல்ல. எஸ்.என்.எஃப். பூஜ்யம் என்று வைத்து விலை போட்டால் பிழை மறையுமே தவிரத் தீராது. ஃபார்மின் ‘பிஃபோர் அப்டேட்’டில், கட்டம் காலியாக இருந்தால் ரெக்கார்டைச் சேமிக்க விடாமல் தடுப்பதே முறை.

இன்டிஜருக்கு எல்லை 32,767. ஒரு மாத உற்பத்தி 40,000 மீட்டர் ஆனால் ‘ஓவர்ஃப்ளோ’ என்று நிற்கும். ‘லாங்’ போடுங்கள். பணத்துக்கு ‘கரன்சி’; நான்கு தசம இடம் வரை பிசகாது.

தேதியில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்.க்யூ.எல். வரியில் # குறிகளுக்கு நடுவே வரும் தேதியில் மாதம்தான் முதலில் என்று ஆக்சஸ் எடுத்துக்கொள்ளும். நாம் 5/6 என்று ஜூன் 5-ஐ அனுப்பினால் அது மே 6-ஐத் தேடும். 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் 13/6-ஐ ஜூன் 13 என்று சரியாகப் புரிந்துகொள்ளும்! மாதத்தின் முதல் 12 நாட்களில் கணக்கு பிசகி, பிறகு தானே சரியானால் காரணம் இதுதான். ‘ஃபார்மட்’ கொண்டு வருடம்-மாதம்-நாள் என்று மாற்றி அனுப்புங்கள்.

4. எத்தனை முறை கூட்டியது?

இதுதான் மிகவும் ஏமாற்றும் இடம். சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு சிறு தறிக்கூடத்தில் நான் பார்த்த கூலி ரிப்போர்ட்டில், ‘டீட்டெய்ல்’ பகுதியின் ‘ஃபார்மட்’ ஈவண்டில் ஒரு வேரியபிளை வைத்து மொத்தம் கூட்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் கூலியும் சரி. கடைசியில் உள்ள மொத்தம் மட்டும் அதிகம். கவர்களில் போட வேண்டிய பணத்தை இந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் எடுத்து வருவார்கள். மீந்தால் யார் கணக்கில் குறைந்தது என்று சண்டை.

வித்தியாசத்தை எடுத்துப் பார்த்தேன். மிகச் சரியாக ஒரே ஒரு ஆளின் கூலி! முதல் பக்கத்தின் அடியில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டவர் அவர். அப்படித் தள்ளும்போது ஆக்சஸ் பின்வாங்கி, அதே ரெக்கார்டுக்கு ஃபார்மட் ஈவண்டை மறுபடி ஓட்டும். வேரியபிளும் மறுபடி கூட்டும். பிரிவ்யூ பார்த்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்தாலும் ஈவண்டுகள் இன்னொரு முறை ஓடும். மாறாக ‘ரிப்போர்ட் வ்யூ’வில் ஃபார்மட் ஓடவே ஓடாது, அங்கே மொத்தம் பூஜ்யம்.

தீர்வு, வேரியபிளையே எடுத்துவிடுவது. ‘ரிப்போர்ட் ஃபுட்டர்’ல் சம் போதும். பக்கவாரியாக வளரும் மொத்தம் வேண்டுமானால் டீட்டெய்லில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை மறைத்துவைத்து அதன் ‘ரன்னிங் சம்’ பண்பை ‘ஓவர் ஆல்’ ஆக்கி, பேஜ் ஃபுட்டரில் அதை எடுத்துக் காட்டுங்கள். பேஜ் ஃபுட்டரில் நேராகச் சம் எழுதினால் ‘#எர்ரர்’தான் வரும்.

எப்படித் தேடுவது?

அ) சந்தேகப்படும் வரியில் எஃப்-9 அமுக்கி நிறுத்தம் வையுங்கள். எஃப்-8 அமுக்கி வரி வரியாக நடங்கள்.

ஆ) கண்ட்ரோல்-ஜி அமுக்கினால் ‘இம்மீடியட்’ ஜன்னல் வரும். கேள்விக்குறி போட்டு வேரியபிள் பெயரைக் கொடுத்தால் அப்போதைய மதிப்பைச் சொல்லும். ‘லோக்கல்ஸ்’ ஜன்னலில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

இ) ரிப்போர்ட் ஈவண்டுகளில் நிறுத்தம் வைப்பதைவிட ‘டீபக் பிரிண்ட்’ நல்லது. நிறுத்தினால் ஈவண்டுகளின் வரிசையை உணர முடியாது. டீபக் பிரிண்டில் ஒரே பெயர் இரண்டு முறை வருவது பளிச்சென்று தெரியும்.

ஈ) மூன்று ரெக்கார்டுக்குத் தாளில் கையால் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஒன்று சாதாரணம், ஒன்றில் ஒரு கட்டம் காலி, ஒன்றில் மிகப் பெரிய எண். அடுத்து அதே ரெக்கார்டுகளைப் பெருக்கி, ரிப்போர்ட் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்படி செய்து பாருங்கள். லேபில் ஐந்து ரெக்கார்டு வைத்து டெஸ்ட் பண்ணினால் நாலாவது கேள்வியில் சொன்ன பிழை ஒருநாளும் வெளியே வராது.

முடிவுரை

பிழை வந்ததும் கோடை மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று குறியுங்கள். அது பூஜ்யமா, வெற்றிடமா, ஒரு ஆளின் தொகையா, மாதத்தின் முதல் பாதியில் மட்டுமா? அந்த எண்ணே பாதி வழியைக் காட்டிவிடும். பிராஜக்ட் வைவாவுக்கு நாம் காட்டும் ரிப்போர்ட்டில் மார்க்குதான் போகும். வேலைக்குப் போன இடத்தில் போடும் ரிப்போர்ட்டில் வேறொருவர் வீட்டு அரிசியும் பருப்பும் இருக்கிறது. இப்போதே பழகிக்கொள்வோம் நண்பர்களே!