கைதட்டிய கை, சட்டையை எரித்த கை



இந்த மாத இளைஞர் வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்ட பாடம், பகவத் கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில் வரும் ஒரு குணம். தனக்குப் பிரியமான பக்தன் எப்படி இருப்பான் என்று கண்ணன் வரிசையாகச் சொல்கிறான். புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் ஒரே மனதோடு இருப்பவன் என்பதும் அந்த வரிசையில் இருக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, "இதெல்லாம் முனிவர்களுக்கு, நமக்கு எப்படி முடியும்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. அதனால் இந்தத் தடவை முனிவர்களை விட்டுவிட்டு, உங்களில் பலர் பார்த்து ரசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கூடைப்பந்து வீரர் லெப்ரோன் ஜேம்ஸ். அவரை மகான் என்று காட்டப் போவதில்லை. அவரிடம் தவறும் இருந்தது. அதனால்தான் அவர் கதை நமக்குப் பாடமாகிறது.

1. ஒரே ஊர், இரண்டு முகம்

லெப்ரோன் 1984-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அக்ரோன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அவர் அம்மாவுக்கு வயது 16. வறுமையில் வளர்ந்த பையன். 2003-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும், பக்கத்து நகரமான கிளீவ்லண்டின் கவலியர்ஸ் அணி அவரை என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுத்தது. கிளீவ்லண்ட் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? அமெரிக்கக் காற்பந்தில் 1964-இல் வென்றதற்குப் பிறகு, எந்தப் பெரிய விளையாட்டிலும் அந்த நகரம் கிண்ணம் தூக்கியதே இல்லை. "நம்ம ஊர்ப் பையன் வந்துட்டான், இனி ஜெயிப்போம்" என்று நம்பினார்கள்.

ஏழு பருவம் விளையாடினார். 2007-இல் இறுதிச் சுற்று வரை போய், சான் அந்தோனியோவிடம் 0-4 என்று தோற்றார்கள். கிண்ணம் வரவில்லை.

2010 ஜூலை 8. லெப்ரோனின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. எந்த அணிக்குப் போகிறேன் என்பதை ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில், அதற்கென்றே நடத்திய ஒரு நேரலை நிகழ்ச்சியில் அறிவித்தார். மயாமி ஹீட் அணிக்குப் போகிறாராம். கிளீவ்லண்ட் ரசிகர்கள் நாடே பார்க்கும் நிகழ்ச்சியில்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். அன்று இரவே அவர் பெயர் போட்ட ஜெர்சிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட், அவரைக் கடுமையாகத் தாக்கி ஒரு திறந்த மடல் வெளியிட்டார். அதற்காக என்.பி.ஏ. அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

அதே டிசம்பரில் மயாமி அணியோடு லெப்ரோன் கிளீவ்லண்டுக்கு விளையாட வந்தார். பந்து அவர் கையில் பட்டபோதெல்லாம் அரங்கமே கூச்சல் போட்டது. அவர் 38 புள்ளி எடுத்தார்.

இப்போ ஆறு வருஷம் தள்ளி வருவோம். 2014-இல் லெப்ரோன் கிளீவ்லண்டுக்கே திரும்பிவிட்டார். 2016 இறுதிச் சுற்றில் எதிரணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்று, 9 மட்டுமே தோற்ற அணி. 1-3 என்று பின்தங்கிய கிளீவ்லண்ட், அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. இறுதிச் சுற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி மீண்டதில்லை. ஏழாவது ஆட்டம் நம்ம நேரப்படி ஜூன் 20, திங்கட்கிழமை காலை. 89-89 என்று சமநிலையில் நின்றபோது, எதிரணியின் இகுடாலா போட வந்த பந்தைப் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையில் அடித்துத் தடுத்தார் லெப்ரோன். 93-89 என்று வெற்றி. 52 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அவர் தரையில் விழுந்து அழுதார். வெற்றி ஊர்வலத்தில் தெரு கொள்ளாத கூட்டம்.

இப்போ சொல்லுங்க. 2010-இல் ஜெர்சியை எரித்த ஊர் எது? 2016-இல் கைதட்டிய ஊர் எது? ஒரே ஊர்தான். அந்த ஊர்வலத்தில் நின்ற சிலர், அன்று தீக்குச்சி கிழித்தவர்களாகவே இருந்திருக்கலாம்.

2. எல்லா இகழ்ச்சியும் பொய்யா?

இந்த இடத்தில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "பார்த்தீங்களா, ஊர் இப்படியும் பேசும், அப்படியும் பேசும். யார் சொல்றதையும் காதுல வாங்கக் கூடாது." கீதை சொல்லும் சமநிலை இதுவா? இல்லை. காதை அடைத்துக்கொள்வது ஆணவத்துக்கும் நல்லா வரும். அதற்கு யோகம் தேவையில்லை.

கிளீவ்லண்ட் மக்களின் கோபத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் இரண்டு புகார் கலந்திருந்தது. ஒன்று, "நீ ஏன் போனாய்?" ஒப்பந்தம் முடிந்த ஒரு தொழிலாளி வேறு இடத்தில் வேலைக்குப் போவது அவர் உரிமை. இந்தப் புகாரில் நியாயம் குறைவு. இரண்டாவது, "போனதை இப்படியா சொல்வாய்?" ஏழு வருஷம் தன்னைத் தூக்கி வைத்த ஊருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், அதை ஒரு காட்சியாக்கியது மனதைக் காயப்படுத்தும் செயல். அந்த நிகழ்ச்சியின் விளம்பர வருமானம் சிறுவர் மன்றங்களுக்கு நன்கொடையாகப் போனது உண்மை. ஆனாலும் அந்தக் காயம் ஆறவில்லை. மறுநாள் மயாமி வரவேற்பு விழாவில் எத்தனை கிண்ணம் வெல்வோம் என்று ஏழு வரை விரல் விடாத குறையாக எண்ணிக் காட்டியதும் சேர்ந்துகொண்டது.

2011-இல் மயாமி இறுதிச் சுற்றில் டல்லஸிடம் 2-4 என்று தோற்றது. நான்காவது ஆட்டத்தில் லெப்ரோன் எடுத்தது வெறும் 8 புள்ளி. தோல்விக்குப் பிறகு நிருபர்கள் கேட்டபோது, தன் தோல்வியை விரும்பியவர்கள் நாளைக்கும் தங்கள் பழைய பிரச்சினைகளோடுதான் எழுந்திருப்பார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். வலித்த மனசு பேசிய பேச்சு அது. ஆனால் சரியான பேச்சு இல்லை. இகழ்ச்சிக்கு இகழ்ச்சியையே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். அந்தக் கோடையில், தன் ஆட்டத்தில் எது குறை என்று பார்த்து, பழைய நட்சத்திரம் ஹகீம் ஒலாஜுவானிடம் போய், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டார். உலகின் முதல்தர வீரர் மறுபடி மாணவரானார். 2012 ஆட்டங்களுக்கு முன் உடைமாற்றும் அறையில் அமைதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முதல் கிண்ணம் வந்தது. 2013-இல் இரண்டாவது.

2014-இல் கிளீவ்லண்டுக்குத் திரும்பும்போது தொலைக்காட்சி நிகழ்ச்சி இல்லை, விழா இல்லை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் ஒரு கட்டுரை மட்டும். ஒரு சிறுவனாக நான் நேசித்த வீரர் இப்படிப் போயிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அதில் யோசித்திருந்தார். கில்பர்ட்டை நேரில் சந்தித்துப் பேசியதையும், தானும் தவறு செய்தவன்தான் என்பதையும் எழுதினார். கிண்ணம் வாங்கித் தருவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாத தலைவனைக் கெடுக்க எதிரியே தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஆக, இகழ்ச்சியை அரிசி புடைப்பது போலப் புடைக்கணும். உமி பறக்கட்டும். அரிசி நம்ம முறத்தில் நிற்கட்டும்.

3. "இந்தப் பருவம் தோல்வியா?"

இன்னொரு வீரர், கிரேக்க நாட்டு யான்னிஸ் அன்டெடோகூன்போ. மில்வாக்கி பக்ஸ் அணி. அவர் ஃப்ரீ த்ரோ போட நேரம் எடுப்பார். விதிப்படி 10 விநாடிதான். அதனால் 2021-இல் எதிரணி ரசிகர்கள் அரங்கம் முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக் கேலி செய்தார்கள். இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் அவர் 19-க்கு 17 போட்டு, மொத்தம் 50 புள்ளி எடுத்தார். மில்வாக்கிக்கு 50 ஆண்டில் முதல் கிண்ணம்.

2023-இல் அதே அணி முதல் இடத்தில் இருந்தும், எட்டாம் இடத்து மயாமியிடம் முதல் சுற்றிலேயே 1-4 என்று தோற்றது. ஒரு நிருபர், இந்தப் பருவம் தோல்விதானா என்று கேட்டார். யான்னிஸ் திருப்பிக் கேட்டார்: உங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் பதவி உயர்வு கிடைக்கிறதா? கிடைக்காத வருஷத்து உழைப்பெல்லாம் வீணா? மைக்கேல் ஜோர்டன் 15 பருவம் ஆடி 6 கிண்ணம் வென்றார், மற்ற 9-ம் தோல்வியா?

பயனில் அல்ல, செயலில்தான் உனக்கு உரிமை என்று கண்ணன் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய பதில். ஆனால் முழுப் படமும் பார்க்கணும். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் 23 ஃப்ரீ த்ரோவில் 10 மட்டுமே போட்டார். சில நாளில் அணி தன் பயிற்றுநரையும் மாற்றியது. "தோல்வி இல்லை" என்றால் "தவறு இல்லை" என்று அர்த்தம் இல்லை. பலன் நம்ம கையில் இல்லாமல் இருக்கலாம். பயிற்சி நம்ம கையில்தான் இருக்கு. எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி வராத தம்பிக்கும் தங்கைக்கும் இதையே சொல்கிறேன். முடிவுத்தாள் உங்களை அளந்துவிடாது. ஆனால் எந்தப் பாடத்தில் எங்கே சறுக்கியது என்று பார்க்காமல் மூடி வைத்துவிடாதீர்கள்.

4. நாமும் ரசிகர்கள்தானே?

இதுவரை வீரர் பக்கம் நின்றோம். நம்மில் எத்தனை பேர் வீரர்? பெரும்பாலோர் ரசிகர்கள். அப்படியானால் இகழ்ச்சியைத் தாங்குவது மட்டுமல்ல, இகழ்ச்சியை எறியாமல் இருப்பதும் நமக்குப் பாடம்.

2018-இல் கிளீவ்லண்டின் இன்னொரு வீரர் கெவின் லவ், ஆட்டத்தின் நடுவிலேயே தனக்குக் கடும் பதற்றத் தாக்குதல் வந்ததை வெளிப்படையாக எழுதினார். ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போன அவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்வையாளர்களுக்குத் தெரியாது. நமக்கும் அப்படித்தான். நம் நாட்டு பூப்பந்து வீரர் தோற்ற இரவில், கைப்பேசியை எடுத்து என்ன எழுதுகிறோம்? அவரும் அதைப் படிப்பார், அவர் அம்மாவும் படிப்பார்.

ஜெயித்தால் மட்டும் நேசிப்பது, பாஸ் பண்ணினால் 108 தேங்காய் உடைக்கிறேன் என்று சாமியிடம் பேரம் பேசுவது மாதிரிதான். தேங்காய் உடைப்பது தப்பில்லை. ஆனால் பாஸ் ஆகாவிட்டால் கோவில் பக்கமே வராமல் இருந்தால், அங்கே இருந்தது பக்தியா, கொடுக்கல் வாங்கலா?

கோவில் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பை ஏற்ற நம்ம இளைஞர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காய் நறுக்கியிருப்பார்கள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடினால், புலனக் குழுவில் முதல் செய்தி அதுதான். உப்பு கூடியது உண்மை. அதை அடுத்த முறைக்காக அவர்களிடம் நேரில் சொல்லலாம். இருநூறு பேர் பார்க்க எழுதினால் அது குறை சொல்வதல்ல, சட்டையை எரிப்பது.

வகுப்பில் கலந்து பேச

1. லெப்ரோன் மயாமிக்குப் போனது தவறா, போன விதம் தவறா? உங்கள் கருத்துக்குக் காரணம் சொல்லுங்கள்.
2. சமீபத்தில் உங்களை யாரோ குறை சொன்னார்கள். அதில் உமி எது, அரிசி எது?
3. புகழ்ச்சியையும் அப்படிப் புடைக்க முடியுமா? எது கடினம்?

இந்த மாதப் பயிற்சி

ஒரு வாரத்துக்கு, உங்களைப் பற்றி வரும் ஒவ்வொரு பாராட்டையும் ஒவ்வொரு குறையையும் ஒரு தாளில் எழுதுங்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த வாரம் செய்யுங்கள். யாரையாவது நீங்கள் காயப்படுத்தியிருந்தால், லெப்ரோன் நான்கு வருஷம் கழித்துச் செய்ததை நீங்கள் நான்கு நாளில் செய்துவிடலாம். நேரில் போய்ப் பேசுங்கள்.

அடுத்த வகுப்பில் சந்திப்போம். வணக்கம்.