பொடியும் கஞ்சியும்

அன்பு மகள்,

சின்னவனுக்கு ஆறு மாதம் முடிய, கிளினிக்கில் நுண்சத்துப் பொடிப் பைக்கற்றுகள் தந்ததாக எழுதியிருந்தாய். காரணம் தெரிந்து கொடுத்தால் கை தவறாது.

தாய்ப்பாலில் இரும்பு லீற்றருக்கு அரை மில்லிகிராமும் வராது. உன் வயிற்றில் இருந்தபோதே சேர்த்துக்கொண்ட இரும்புதான் பிள்ளையை ஆறு மாதம் தாங்கியது. இனி அது சாப்பாட்டோடு வரவேண்டும். இந்தப் பொடியில் வழமையாக 10 மில்லிகிராம் இரும்பும் 4.1 மில்லிகிராம் நாகமும் இருக்கும். விற்றமின் சி-யும் உண்டு. தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தால் இரும்பும் நாகமும் குடலில் ஒன்றையொன்று தள்ளும். சோற்றோடு போனால் அந்தப் போட்டி தணியும்.

ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் ஸ்டான்லி ஸ்லொட்கின் 1990களில் இத்தகைய பொடியை உருவாக்கியபோது, நாக்கில் இரும்பு தெரியாமல் அதற்குக் கொழுப்புப் பூச்சுப் போட்டார். கொதிக்கிற சாப்பாட்டில் போட்டால் அந்தப் பூச்சு உருகிவிடும். ஆறின மசியல் ஒரு பங்கில் கலந்து, அரை மணித்தியாலத்துக்குள் தீத்திவிடு.

குரக்கன் கஞ்சி நல்லதென்று மாமி சொல்வது பிழையில்லை. ஆனால் குரக்கனிலுள்ள பைற்றிக் அமிலம் இரும்பையும் நாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவிட்டு, முளைக்கவைத்து, காயவைத்து அரைத்தால் அது குறையும். முருங்கையிலையிலும் இரும்பு எளிதில் கிடைக்காது. முள் நீக்கி மசித்த சூடை மீன் கொஞ்சம் சேர்த்துப் பார். மீன் தன் இரும்பைத் தருவதோடு இலையிலுள்ளதையும் உறிஞ்ச உதவும். சாப்பாட்டோடு பப்பாப்பழமோ கொய்யாவோ மசித்துக் கொடு. அவற்றின் விற்றமின் சி இரும்பை உடம்பு ஏற்கும் வடிவுக்கு மாற்றும்.

தேத்தண்ணியில் பிஸ்கற் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் வீட்டில் யார் சொன்னாலும் இடங்கொடாதே. தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிவிடும். மாட்டுப்பாலில் தாய்ப்பாலைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கல்சியம். அதுவும் இரும்புக்குத் தடை. ஒரு வயதுவரை மாட்டுப்பால் குடிபாலாக வேண்டாம்.

வயிற்றோட்டம் வந்தால் நாகக் குளிசை தருவார்கள்: இந்த வயதில் நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். அதற்குமேல் நீயாக நீட்டாதே. நாகம் மிஞ்சினால் செம்பு குறையும்; செம்பில்லாமல் இரும்பு இரத்தத்துக்குப் போய்ச் சேராது. பொடி கொடுப்பதையும் வைத்தியரிடம் சொல்.

மலம் கறுத்தால் பயப்படாதே, அது மிச்ச இரும்பு. ஒருநாள் மறந்தாலும் மறுநாள் இரண்டு பைக்கற் போடாதே. அடுத்த கிளினிக்குக்கு மிச்சப் பைக்கற்றுகளையும் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியம்மா