ஸ்கேனர் இயங்கவில்லையா? லினக்ஸ் கணினியில் மூன்று சோதனைகள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எனப் பல ஆவணங்களை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளியின் ஸ்கேனர் இயங்காவிட்டால் மாணவர் மூலச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கணினி மையத்துக்கு அலைய வேண்டும். பணம் செலவாவதோடு, சான்றிதழ் வழியில் தொலையலாம். அதன் நகல் யாரோ ஒருவரின் கணினியில் தங்கிவிடலாம். எனவே, 'இது லினக்ஸில் வேலை செய்யாது' என்று ஸ்கேனரை அலமாரியில் பூட்டிவைக்கும் முன் பின்வரும் மூன்று சோதனைகளைச் செய்து பார்ப்போம்.

ஸ்கேனர் இயங்க மூன்று கண்ணிகள் சரியாக இருக்க வேண்டும். யுஎஸ்பி வழியாக அது இணைந்திருப்பதைக் கணினி உணர வேண்டும். அந்த மாதிரிக்கு உரிய டிரைவர் இருக்க வேண்டும். பயன்படுத்துபவருக்கு அனுமதி இருக்க வேண்டும். எந்தக் கண்ணி அறுந்துள்ளது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே கூறப்படும் முறை டெபியன் வழிவந்த போஸ், உபுண்டு போன்றவற்றுக்குப் பொருந்தும்.

சோதனை 1: கணினி உணர்கிறதா?

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்துங்கள். யுஎஸ்பி வழி இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வரும். ஸ்கேனரை இணைக்கும் முன் ஒருமுறையும் இணைத்த பின் ஒருமுறையும் இதைச் செய்யுங்கள். இரண்டாம் முறை கூடுதலாக வந்த வரியே ஸ்கேனர். புதிய வரி வரவில்லை என்றால் குறை லினக்ஸில் இருப்பது அரிது. வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இடையில் ஹப் இருந்தால் அகற்றிவிட்டு நேரடியாக இணையுங்கள். தனி மின்இணைப்பு உள்ள ஸ்கேனர் என்றால் அதையும் பாருங்கள். சில ஸ்கேனர்களின் அடியில், எடுத்துச் செல்லும்போது உள்பாகம் அசையாதிருக்க ஒரு பூட்டு இருக்கும். அது பூட்டியிருந்தால் கணினி ஸ்கேனரை உணரும். ஆனால் ஸ்கேன் ஆகாது.

சோதனை 2: டிரைவர் இருக்கிறதா?

லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்குவது 'சேன்' என்னும் மென்பொருள். ஸ்கேன், இமேஜ் என்ற இரு ஆங்கிலச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் பெரிய எல் எழுத்தும் தட்டுங்கள். கட்டளையே இல்லை என்று வந்தால் 'சேன்-யுடில்ஸ்' தொகுப்பை நிறுவ வேண்டும். ஸ்கேனரின் பெயர் வந்தால் டிரைவர் உள்ளது. மடிக்கணினியின் கேமராவும் இங்கே தோன்றலாம். அதை ஸ்கேனர் என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் சோதனையில் தெரிந்த ஸ்கேனர் இதில் தெரியவில்லை என்றால் அதன் சரியான மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, சேன் வெளியிட்டுள்ள ஆதரவுப் பட்டியலில் தேடுங்கள். கேனான் லைட் 110, 210 போன்றவற்றுக்கான டிரைவர் சேனிலேயே உள்ளது. ஹெச்பி பல்பயன் கருவிகளுக்கு 'ஹெச்பிலிப்' தொகுப்பு தேவைப்படும். எப்சனின் பல மாதிரிகளுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் மென்பொருள் தருகிறது. அண்மைக்காலப் பல்பயன் கருவிகள் பலவற்றுக்கு 'சேன்-ஏர்ஸ்கேன்', 'ஐபிபி-யுஎஸ்பி' ஆகிய இரு தொகுப்புகளே போதும்.

சோதனை 3: அனுமதி இருக்கிறதா?

இரண்டாம் சோதனையின் கட்டளைக்கு முன்னால் எஸ், யு, டி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் இடைவெளியும் சேர்த்து, நிர்வாகி கடவுச்சொல்லுடன் இயக்குங்கள். இப்போது மட்டும் ஸ்கேனர் தெரிந்தால் குறை அனுமதியில்தான். அந்தப் பயனரை 'ஸ்கேனர்' என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் லாக்அவுட் செய்து மீண்டும் உள்நுழைந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஒவ்வொரு முறையும் நிர்வாகியாக ஸ்கேன் செய்யும் பழக்கம் வேண்டாம். அதற்காகக் கடவுச்சொல்லைப் பலருக்கும் சொல்ல நேரிடும்.

மூன்றிலும் தேறிய ஸ்கேனரை 'டாகுமெண்ட் ஸ்கேனர்' செயலியில் திறந்து ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள்.

வகுப்பறையில்

உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல செயல்பாடு. கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, 'குறை எங்கே?' என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதையும் விளைவையும் எழுத வேண்டும் என்பவையே விதிகள். அறிவியல் ஆய்வகத்தில் நாம் கற்பிக்கும் முறையும் இதுதான்.

குறை தீர்ந்ததும் மாதிரி எண், நிறுவிய தொகுப்பு, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஸ்கேனரின் மூடியில் ஒட்டிவிடுங்கள். கணினியில் லினக்ஸை மீண்டும் நிறுவ நேர்ந்தாலும், பொறுப்பாசிரியர் மாறுதலில் சென்றாலும், அடுத்து வருபவர் அந்தத் தாளைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.